பட்டக் கல்லூரியா, மாற்றுக் கல்லூரியா? மதுரைப் பக்கத்து மாணவர் முன்னால் நான்கு வழிகள்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான மறுநாள் காலையில் எங்கள் பள்ளியின் வேப்பமரத்தடியில் பெற்றோர்கள் காத்திருப்பது வழக்கம். சோழவந்தான், வாடிப்பட்டி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு வருவார்கள். வேதியியல் ஆசிரியையாக நான் இங்கே வந்த புதிதில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற இரண்டு கேள்விகளே இருந்தன. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பட்டம் தராமல் வேலை கற்றுத்தரும் பள்ளிகள், கிராமப் பணியையே பாடமாக வைத்திருக்கும் நிறுவனங்கள், வீட்டிலிருந்தே படிக்கும் இணையவழிப் படிப்புகள் ஆகியவற்றைக் கேள்விப்பட்டு, "அங்கே அனுப்பலாமா, டீச்சர்?" என்று கேட்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தாம் இந்தக் கேள்வியை அதிகமாகக் கொண்டுவருகிறார்கள் என்பதால், ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

படிப்பின் முடிவில் கையில் கிடைக்கும் தாள் என்ன, அதை யார் ஏற்பார்கள் என்பது முதல் அளவுகோல். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குரூப் 2 பணிகளுக்கும், வங்கி அதிகாரி தேர்வுகளுக்கும், பி.எட். சேர்க்கைக்கும் பட்டம் வேண்டும். அந்தப் பட்டமும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, உண்மையான செலவு. கட்டண அட்டையில் இருப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. விடுதி, பயணம், கணினி ஆகியவற்றோடு, ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப்போகும் அரசு உதவியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மூன்றாவது, அன்றாட வாழ்க்கை: எத்தனை மணிக்கு எழ வேண்டும், யாரோடு தங்க வேண்டும், எந்த மொழியில் பேச வேண்டும் என்பவை.

நான்காவதை நான் ஏழாம் மாதம் என்று சொல்வேன். சேர்ந்த புதிதில் இருந்த உற்சாகம் வடிந்து, வீட்டு நினைவு வந்து, "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று பிள்ளை சொல்லும் காலம் அது. அப்போது வெளியே வந்தால் கையில் என்ன மிஞ்சும்? பெற்றோர்கள் பெரும்பாலும் உள்ளே நுழையும் வழியை மட்டுமே விசாரிக்கிறார்கள். இந்த நான்காவது அளவுகோலுக்கே மற்ற மூன்றையும்விட அதிக எடை தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

## வழி ஒன்று: நகரத்துக் கலை அறிவியல் கல்லூரி

இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. 1881 இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1889 இலிருந்து இருக்கும் மதுரைக் கல்லூரி, 1948 இல் வந்த லேடி டோக், 1949 இல் வந்த தியாகராசர், பெண்களுக்கான மீனாட்சி அரசு கல்லூரி என்று மதுரையில் இடங்களுக்குக் குறைவில்லை. தாளின் மதிப்பில் ஐயமில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். மூன்று ஆண்டுகளுக்கு 36,000 ரூபாய் என்பது, பேருந்துக்கும் மதிய உணவுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் வீட்டில் கை நீட்டாமல் ஒரு பெண் படித்து முடிக்கப் போதுமான தொகை.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒரே கல்லூரியில் அரசு உதவிபெறும் பிரிவுக்கு ஒரு கட்டணமும் சுயநிதிப் பிரிவுக்கு அதைப்போலப் பல மடங்கும் இருக்கும். "இடம் கிடைத்துவிட்டது" என்ற மகிழ்ச்சியில் எந்தப் பிரிவு என்று கேட்காமலேயே முன்பணம் கட்டிவிட்டு வந்தவர்கள் உண்டு. மற்றொன்று காலம். கிராமத்திலிருந்து நாள்தோறும் போய்வரும் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பேருந்திலேயே போய்விடும். மூன்று ஆண்டு முடிந்த பிறகு, வேலைக்கான திறனைக் கற்கத் தனியாக ஓர் ஆண்டு பயிற்சி மையத்தில் பணம் கட்டுபவர்களையும் பார்க்கிறேன். எதில் ஆர்வம் என்று இன்னும் தெளியாத மாணவருக்கும், அரசுப் பணியை உறுதியாக நோக்கியிருக்கும் மாணவருக்கும் இதுவே சரியான வழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருப்பதால், அரசுப் பணி என்று முடிவெடுத்தவர்கள் தமிழ் வழிப் பிரிவைத் தயங்காமல் எடுக்கலாம்.

## வழி இரண்டு: பட்டமும் தரும், வாழ்க்கையையும் மாற்றும் உறைவிடக் கல்லூரி

மாற்றுக் கல்வி என்றால் எங்கோ வடக்கே தேடிப்போக வேண்டும் என்று நினைப்பவர்கள், நம் பக்கத்திலேயே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் இரண்டு இடங்களை மறந்துவிடுகிறார்கள்.

ஒன்று, சிறுமலை அடிவாரத்தில் சின்னாளபட்டியை ஒட்டியிருக்கும் காந்திகிராமம். டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947 இல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1956 இல் கிராமிய நிறுவனம் அமைந்து, 1976 இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கையால் செய்யும் வேலையும் ஊருக்குச் செய்யும் பணியும் கல்வியின் பகுதி என்ற ஆதாரக் கல்விக் கொள்கையிலிருந்து பிறந்த இடம் அது. மாணவர்கள் ஒரு கிராமத்துக்குச் சென்று தங்கி, வீடு வீடாகப் பேசி, அந்த ஊரின் தேவைகளைப் படித்தறியும் கிராமத் தங்கல் நிகழ்ச்சி அங்கே பாடத்திட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

மற்றொன்று, சோழவந்தானுக்குப் பக்கத்தில் வைகைக் கரையில், 1971 இல் சுவாமி சித்பவானந்தரால் தொடங்கப்பட்ட திருவேடகம் மேற்கு விவேகானந்தர் கல்லூரி. ஆண்களுக்கான உறைவிடக் கல்லூரி. குருகுல முறையில் வாழ்க்கைப் பயிற்சி தருவதே தன் நோக்கம் என்று அறிவித்துக்கொண்டு நடக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதால் பட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து வந்து கரைசேர்ந்த தலம் என்பதால் திருவேடகம் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பெயர் அந்தக் கல்லூரிக்கு மிகவும் பொருந்தும் என்று நான் நினைப்பதுண்டு.

மறைந்திருக்கும் செலவு இங்கே பணமாக இருப்பதைவிடத் தேதியாக இருக்கிறது. காந்திகிராமம் மத்திய அரசின் நிதியில் இயங்குவதால், அண்மை ஆண்டுகளில் இளநிலைச் சேர்க்கைக்குக் கியூட் என்னும் மத்திய நுழைவுத் தேர்வு வந்திருக்கிறது. அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வருவதற்கு வெகு முன்பே திறந்து மூடிவிடும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. முடிவு வந்த பிறகு மே மாதத்தில் என்னிடம் வந்து கேட்டால் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அடுத்தது, கட்டுப்பாடு. கைப்பேசி, வெளியே போகும் நேரம், உணவு எல்லாவற்றிலும் விதியுள்ள விடுதி வாழ்க்கை சில பிள்ளைகளை நிமிர்த்தும், சிலரை வாட்டும். பையன் இதுவரை தன் துணியைத் தானே துவைத்ததில்லை என்றால், சேர்வதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் அதைப் பழக்கிவிடுவது நல்லது.

ஏழாம் மாதத்தில் வெளியேறினாலும், முதல் பருவத் தேர்வு எழுதியிருப்பதால் வேறு கல்லூரிக்கு மாற்றல் கேட்க ஒரு வழியாவது இருக்கும். ஊரோடும் மண்ணோடும் வேலை செய்ய விரும்பும், ஆனால் பட்டத்தைப் பணயம் வைக்க முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

## வழி மூன்று: பட்டமில்லை, கட்டணமில்லை, கையில் தொழில்

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதிகத் தவறான நம்பிக்கைகளும் இதைச் சுற்றியே இருக்கின்றன.

நம் தென்மாவட்டங்களில் இரண்டு உதாரணங்கள் எல்லோரும் அறிந்தவை. ஸோஹோ நிறுவனம் 2005 இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, இப்போது சென்னையோடு தென்காசிப் பக்கத்திலும் நடக்கிறது. பிளஸ் டூ அல்லது பட்டயப் படிப்பு முடித்தவர்களை எழுத்துத் தேர்வு, நேர்காணல் வழியே எடுத்து, கட்டணம் வாங்காமல், மாத உதவித்தொகை தந்து, இரண்டு ஆண்டு மென்பொருள், வடிவமைப்பு போன்றவற்றைக் கற்றுத்தருகிறது. அங்கே பட்டம் கிடையாது. இன்னொன்று மதுரையிலேயே இருக்கிறது. 1976 இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பிளஸ் டூவுக்குப் பிறகு எடுத்து இரண்டு ஆண்டு உதவித்தொகையோடு கண் மருத்துவத் துணைப் பணிக்குப் பயிற்றுவிக்கிறது. அங்கே பார்வையைச் சோதிப்பதிலிருந்து அறுவை அரங்கில் உதவுவது வரை பெரும்பகுதி வேலை அந்தப் பெண்களின் கையில்தான் நடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி இதுபோல ஒரு நிறுவனம் நடத்தும் மென்பொருள் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பித்தாள். அந்தப் பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. அவளுடைய அப்பா அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருப்பவர். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: கடந்த ஓராண்டில், யாரும் சொல்லாமல், நீயாகக் கற்றுக்கொண்டது என்ன? அவள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பேச்சுப் போட்டிப் பரிசையும் எழுதினாள். கேள்வியை மறுபடி படிக்கச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பூக்கணக்கு எழுதலாமா, டீச்சர்?" என்றாள்.

அது ஓர் அரைக்குயர் நோட்டு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் தரும் துண்டுச் சீட்டுகளை அப்பா சட்டைப்பையிலேயே கசக்கி வைத்திருப்பார். அவற்றை நீவி, தேதி, எடை, விலை, பிடித்தம் என்று நான்கு பத்தி போட்டு எழுதிவந்திருக்கிறாள். முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் விலை ஏறுவது எல்லோருக்கும் தெரியும். எத்தனை நாள் முன்பே ஏறத் தொடங்குகிறது, பனிக்காலத்தில் வரத்துக் குறையும்போது அது எப்படி மாறுகிறது என்பதை அவள் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. பிறகு அதைக் கைப்பேசியில் அட்டவணையாக்கி, சீட்டுக்கும் வங்கியில் விழுந்த பணத்துக்கும் ஓரிடத்தில் இருந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். நேர்காணலில் முக்கால் மணி நேரம் அந்த நோட்டைப் பற்றியே கேட்டார்களாம். மாற்றுக் கல்லூரிகள் தேடுவது இதைத்தான் என்று அன்று எனக்குப் புரிந்தது. வழக்கமான கல்லூரி பிடிக்காமல் விலகி ஓடுபவரை அவை தேடுவதில்லை. எதையோ ஏற்கெனவே தானாகத் தொடங்கிவிட்டவருக்கே அங்கே முதலிடம். அப்படி ஒரு நோட்டு இல்லாத பிள்ளையை, மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், இந்த வழிக்கு நான் அனுப்பமாட்டேன்.

இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் உண்மையான பேச்சு தொடங்கியது. "ரெண்டு வருசம் கழிச்சு வேலை குடுக்கலைன்னா இவ கையில என்ன இருக்கும், டீச்சர்? நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பக்கத்துல என்ன போடுறது?" என்று அப்பா கேட்டார். அது அற்பமான கேள்வி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தலைமுறையில் முதன்முதலாகப் படிக்கும் வீட்டில், பெயருக்குப் பக்கத்தில் அச்சாகும் அந்த இரண்டெழுத்துக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. மென்பொருள் வேலையிலேயே நிலைத்தாலும், பல நாடுகளின் வேலை விசாவுக்குப் பட்டமோ அதற்கு ஈடான நீண்ட அனுபவமோ கேட்பார்கள்.

சேர்ந்த பிறகு அவள் பட்ட சிரமம் நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை. விடுதி பழகிவிட்டது, ஆங்கிலமும் மெல்ல வந்தது. தேர்வு இல்லாததுதான் அவளை வருத்தியது. பன்னிரண்டு ஆண்டுகள் மதிப்பெண்ணைப் பார்த்தே தன்னை அளந்துகொண்ட பெண்ணுக்கு, ஒரு நிரலை எழுதிக்கொடுத்தால் "இது ஏன் வேலை செய்யவில்லை என்று நீயே பார்" என்று திருப்பித் தருவது தண்டனையாகத் தெரிந்தது. மூன்றாம் மாதத்தில் ஓர் இரவு தொலைபேசியில் அழுதாள்; தான் தேறுகிறாளா தோற்கிறாளா என்றே தெரியவில்லை என்றாள். பூக்கணக்கை யார் திருத்தினார்கள் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, ஆனால் அழுகை நின்றது.

இந்த வழியின் மறைமுகச் செலவுகளை நேராகச் சொல்லிவிடுகிறேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவி இங்கே வராது. ஏழாம் மாதத்தில் வெளியேறினால் எந்தத் தாளும் மிஞ்சாது. அந்த ஆண்டின் கல்லூரிச் சேர்க்கையும் முடிந்திருக்கும். இதே பெயரில் நடக்கும் சில இடங்கள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன, அல்லது இத்தனை ஆண்டு வேலை செய்வேன், இல்லாவிட்டால் பணம் கட்டுவேன் என்று பத்திரம் எழுதி வாங்குகின்றன. சான்றிதழின் நகலை மட்டும் கொடுங்கள். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்தவர் ஒருவரிடம் காட்டி, ஒரு நாள் கழித்துக் கையெழுத்திடுங்கள். கட்டணம் கேட்கும் இடமாக இருந்தால் இன்னும் கடுமையாக விசாரிக்க வேண்டும். பட்டமும் தராமல் பணமும் கேட்கும் பள்ளிக்கு, அங்கே படித்து வெளியே வேலையில் இருக்கும் இரண்டு பேரிடமாவது பேசாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ராஜஸ்தானின் உதய்ப்பூரில் 2010 இல் தொடங்கிய ஸ்வராஜ் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பெயரில் பல்கலைக்கழகம் என்று இருந்தாலும் பட்டமோ தேர்வோ இல்லை. தன் பாடத்திட்டத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் இரண்டு ஆண்டுப் படிப்பு அது. இந்தி தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. பட்டம் முடித்து, வயதும் சற்றுக் கூடிய பிறகு போகலாம்.

## வழி நான்கு: தொலைநிலை, இணையவழிப் பட்டம்

1985 இல் அமைந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை, ஜூன், டிசம்பரில் தேர்வு. 2002 இல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வழியிலும் படிக்கலாம். சென்னை ஐஐடி 2020 இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டம் இவற்றிலிருந்து வேறுபட்டது: ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம், தேர்வுகளை மட்டும் நேரில் சென்று எழுத வேண்டும். இடையில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ பட்டயமோ கிடைக்கும் என்பதால், ஏழாம் மாதக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கும் படிப்பு அது. நான்கு ஆண்டுக்கும் சலுகையில்லாமல் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு.

ஆனால் இவை எதிலும் மாதம் 1,000 ரூபாய் உதவி கிடையாது. ஆங்கில வழியில் படித்தால், பட்டத் தகுதி கேட்கும் பணிகளில் தமிழ் வழி ஒதுக்கீடும் போய்விடும். அதைவிடப் பெரிய செலவு தனிமை. வீட்டில் இருக்கும் பிள்ளையை, குறிப்பாகப் பெண்பிள்ளையை, படிக்கும் பிள்ளையாக வீடு நினைப்பதில்லை. சமையல், தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கையைப் பார்ப்பது எல்லாம் அவள் தலையில் விழும். தனி மேசையும், நாள்தோறும் குறித்த மூன்று மணி நேரமும் வீட்டில் உறுதியாகக் கிடைக்காவிட்டால் இந்த வழியைத் தனியாக எடுக்க வேண்டாம். இன்னொரு வழியோடு இணைத்து எடுப்பதே இதற்குப் பொருத்தமான இடம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நகரக் கல்லூரி | உறைவிடக் கல்லூரி | பட்டமில்லாப் பள்ளி | தொலைநிலை, இணையவழி |
|---|---|---|---|---|
| தாள் | பட்டம் | பட்டம் | அந்தத் துறைக்குள் மட்டும் மதிப்பு | பட்டம் |
| மாதம் 1,000 ரூபாய் உதவி | உண்டு | உண்டு | இல்லை. நல்ல இடங்களில் உதவித்தொகை | இல்லை |
| மறைந்த செலவு | சுயநிதிக் கட்டணம், பயண நேரம் | முன்கூட்டியே முடியும் விண்ணப்பம் | பத்திரம், சான்றிதழ் பிடிப்பு | தனிமை, வீட்டு வேலை |
| ஏழாம் மாதத்தில் விலகினால் | மாற்றல் கேட்கலாம் | மாற்றல் கேட்கலாம் | எதுவும் மிஞ்சாது | மீண்டும் தொடரலாம் |
| பொருத்தமானவர் | அரசுப் பணி நோக்குபவர், இன்னும் தெளியாதவர் | ஊர்ப்பணியில் நாட்டமுள்ளவர் | தானாகத் தொடங்கிவிட்டவர் | வேலையில் இருப்பவர் |

## இரண்டையும் இணைப்பது

பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில், ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்க வழிவிட்டது. கல்லூரிக்குப் போகும் மாணவர் அதோடு ஓர் இணையவழிப் பட்டத்தையும் எடுக்கலாம். பட்டமில்லாப் பள்ளியோ பட்டப் படிப்பே அல்ல என்பதால், அதோடு தொலைநிலைப் பட்டம் சேர்வதற்குத் தடை எப்போதுமே இருந்ததில்லை. மல்லிகைக்காரர் வீட்டில் கடைசியில் நாங்கள் கண்ட முடிவு அதுதான்: பயிற்சிப் பள்ளியில் சேருவது, ஜூலைச் சுற்றில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம்.முக்குப் பதிவு செய்வது, தேர்வு நாட்களுக்கு விடுப்புத் தருவார்களா என்று சேருமுன் கேட்டு உறுதிசெய்துகொள்வது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகும். அதை அவளுடைய உதவித்தொகையிலிருந்தே கட்டினாள்.

மாற்றுக் கல்வியைப் பதினெட்டு வயதிலேயே எடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. சோழவந்தானுக்கு அருகிலேயே, முள்ளிப்பள்ளம் பக்கத்தில், தானம் அறக்கட்டளையைச் சார்ந்த, டாட்டா-தான் அகாடமி என்ற பெயரில் தொடங்கிய தான் அகாடமி பட்டதாரிகளுக்கு வளர்ச்சி மேலாண்மையில் இரண்டு ஆண்டுப் படிப்பு நடத்துகிறது; அதில் களப்பணியும் உண்டு. முதலில் நகரத்துக் கல்லூரியில் பட்டம், பிறகு இதுபோன்ற ஒன்று என்ற வரிசை, பயந்த வீடுகளுக்கு நல்ல சமரசம்.

இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் இருப்பவர்கள் இப்போதே ஒரு நோட்டைத் தொடங்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்கள் ஜனவரி முதல் கியூட் அறிவிப்பையும், மே மாதத்தில் அரசுக் கல்லூரி இணைய விண்ணப்பத்தையும், ஜூலையில் திறந்தநிலைப் பல்கலைக்கழகச் சேர்க்கையையும் தவறவிடாமல் பார்க்க வேண்டும். எந்த மாற்று இடத்துக்கு விண்ணப்பித்தாலும் அரசுக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்; செலவு மிகக் குறைவு.

திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பாடத்துக்காக என் மாணவி எழுதிய முதல் ஒப்படைப்பு, அவள் விடுதியிலிருந்து தபாலில் வீட்டுக்கு வந்தது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. மாட்டுத்தாவணியில் பூவை இறக்கிவிட்டு, வெறும் கூடையோடு அதைப் படிப்பு மையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீதில் முத்திரை வாங்கி வந்து என்னிடம் காட்டியவர் அவளுடைய அப்பா.